லேஞ்சியில் வடித்த தண்ணீர்

மேனுகா படித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைத்தான். மட்டக்களப்பு வாவியில் கடல் கலக்குமுன் எந்தக் கிருமி இருக்கிறது, கலந்தபின் எது வருகிறது என்பதே அவளுடைய ஆராய்ச்சி. அன்று வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணல் மூடிக்கிடந்த முகத்துவாரத்தை வெட்டுகிறார்கள். வெட்டினால் கடல் உள்ளே வந்துவிடும். அடுத்த மாரிவரை பழைய தண்ணீர் கிடையாது. அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல். தோணிக்காரர் பக்கீரிடம் போத்தல்களைக் கொடுத்தனுப்பினாள்.

அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிந்து கிடந்தது. அவள் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

“இது எங்க அள்ளினது, காக்கா?” அண்ணன் முறை வைத்துத்தான் அவரை அப்படிக் கூப்பிடுவாள்.

“நீங்க சொன்ன இடந்தான் தங்கச்சி. ஒரே பாசி. படிச்ச புள்ளைக்கு ஊத்தையக் குடுக்கலாமா? லேஞ்சியால வடிச்சன்.”

“குடிக்கவா கேட்டன்?”

“பின்ன என்னத்துக்கு?”

ஏச வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். ஆய்வுகூடத்தில் அவளும் இத்தனை வருஷமாகப் பாசியைக் குப்பையென்று வடித்து வீசிவிட்டுத்தானே தண்ணீரைப் பார்த்தாள்?

“அந்த லேஞ்சி எங்க?”

பக்கீர் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். ஈரம் காயவில்லை. ஒட்டியிருந்த பாசியை வழித்து நுணுக்குக்காட்டியில் வைத்தாள். தண்ணீரில் அவள் காணாத கூட்டம் அதில் நெளிந்தது. பக்கீரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

“இவ்வளவு சனமா? கடல் வந்தா இதுகள் எங்க போகும்?”

“எனக்கும் தெரியா காக்கா.”

அதைத் தேடித்தான் மேனுகா இன்றைக்கும் பாசி அள்ளுகிறாள்.