அலோர் ஸ்டாரா, பினாங்கா?

1983 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறேகாலுக்கு ஆறுமுகம் அண்ணனின் டாக்சி சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வெளியே இன்னும் இருட்டுத்தான். தூக்கக் கலக்கத்தில் இருந்த என் மகள் ஜெசியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

“எந்தப் பக்கம் டீச்சர், பட்டர்வொர்த்தா?” என்று கேட்டார் அண்ணன்.

“இல்லண்ணே. இன்னைக்கு அலோர் ஸ்டார்.”

வண்டி வடக்கே திரும்பியது. பினாங்கை விட்டுவிட்டு இந்தப் பக்கம் போவது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஜெசிக்கு அப்போது நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் திருமதி லிம் என்ற பேச்சுப் பயிற்சியாளர் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார். எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை, கோலாலம்பூரிலோ வேலை நாள். கணக்கு ஆசிரியையான எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று. காலையில் பறந்து மாலையில் திரும்பிவிட்டால் ஒரு வகுப்பும் கெடாது.

முதல் ஐந்து முறை பினாங்கு வழியாகத்தான் போனோம். சுங்கை பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த் 35 கிலோமீட்டர். அங்கே காரோடு பெர்ரியில் ஏறிக் கடலைக் கடந்து, அக்கரையில் இன்னும் 16 கிலோமீட்டர் போனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையம். நான்கு முறை எப்படியோ நேரத்துக்குப் போய்விட்டோம். ஐந்தாவது முறை பள்ளி விடுமுறைக் கூட்டம். பெர்ரிக்கு முன்னால் கார்கள் சாலை வரை நின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் ஓடுபாதைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டு விமானங்களிலும் இடமில்லை. மறுநாள் போனில் பேசிய திருமதி லிம் கோபப்படவில்லை. “காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. இன்னொரு முறை தவறினால் உங்கள் நேரத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

என் கணவர் சாமுவேல் கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்து மருத்துவமனையில் டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்புக் கிடைக்காது. அலோர் ஸ்டார் என்றதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“பினாங்குல ஒண்ண விட்டா இன்னொண்ணு இருக்கு கிரேஸ். அலோர் ஸ்டார்ல காலையில ஒரு பிளேன்தான். அது வரலன்னா என்ன பண்ணுவ?”

“பெர்ரி வரிசையில உட்கார்ந்து வாட்ச்ச பாத்துக்கிட்டு இருந்தது நான்தான்” என்றேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி வழி முழுக்க என்னோடு வந்தது.

ஏழு மணி. குரூண் ஊரைத் தாண்டும்போது வலப்பக்கம் வானம் வெளுத்து, இடப்பக்கம் ஜெராய் மலை தெரிந்தது. ரப்பர் மரங்கள் முடிந்து நெல் வயல்கள் தொடங்கின. எங்கும் தண்ணீர், அதில் வானம். அலோர் ஸ்டார் நகரைக் கடந்து இன்னும் பதினோரு கிலோமீட்டர். ஏழே முக்காலுக்கு விமான நிலைய வாசலில் இறங்கினோம். மொத்தம் 70 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், வழியில் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. டிக்கெட் பினாங்கைவிட எட்டு ரிங்கிட் கூடுதல்.

ஒரே ஒரு கூடம். ஒரு கவுண்டர். அங்கே ரொஹானி என்ற பெண் எங்கள் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு ஜெசியின் மார்பைப் பார்த்தார். சிகரெட் பெட்டி அளவில் ஒரு கருவி, துணிப்பையில் தொங்கியது. அதிலிருந்து இரண்டு கம்பிகள் காதுகளுக்குப் போயின.

“ரேடியோவா?” என்று மலாயில் கேட்டார்.

காது கேட்பதற்கான கருவி என்றேன். “கேட்கிறதா?” என்றார்.

“தெரியவில்லை” என்றேன். உண்மை அதுதான். நான்கு மாதமாக மாட்டிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டினோம், பாத்திரத்தைத் தட்டினோம், சாமுவேல் மாதா கோயில் மணிக்குக் கீழேயே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். அவள் திரும்பவே இல்லை. கேட்கிறது என்றால் பேச்சுப் பழக்கலாம், இல்லையென்றால் கைச்சைகை கற்றுக்கொடுக்கும் பள்ளியைத் தேடலாம் என்று திருமதி லிம் சொல்லியிருந்தார். எது என்று தெரியாமல் நிற்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எட்டரை மணிக்கு மழை பிடித்தது. ஒன்பதுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் கோலாலம்பூரிலிருந்து வரவே இல்லை. ஒன்பதரை ஆயிற்று. பதினொன்றரைக்குத் திருமதி லிம் காத்திருப்பார். வெளியே இருந்த ஆறுமுகம் அண்ணனிடம் ஓடினேன்.

“இப்ப விட்டா பினாங்குக்கு எப்பண்ணே போவலாம்?”

“பெர்ரியோட சேத்தா பன்னெண்டரை ஆயிரும். வேணாம் லா டீச்சர். மழை விட்டுக்கிட்டு இருக்கு, இங்கயே இருங்க.”

திரும்பி வந்தபோது ரொஹானி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “சாபார்லா” என்று பொறுத்திருக்கச் சொன்னார்; திருமதி லிம்மைப் பற்றிச் சொன்னதும் அந்த மருத்துவமனை நம்பரைக் கேட்டார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த டெலிபோனில் அவரே கூப்பிட்டார். இரண்டு முறை கிடைக்கவில்லை. மூன்றாவது முறை திருமதி லிம்மே எடுத்தார். விமானத்துக்குத்தான் தாமதம், தாயும் மகளும் விடிந்ததிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ரொஹானி சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “இரண்டு மணிக்கு வரலாமாம்” என்றார். கவுண்டர் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்தேகாலுக்கு மழை நின்றது. கூடத்தின் பக்கத்தில், வெளியே, இடுப்புயரக் கம்பிவேலி. அதற்கு அப்பால் ஓடுபாதை, அதற்கும் அப்பால் வயல். ஜெசி வேலியைப் பிடித்துக்கொண்டு கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் இன்னும் தாழ்ந்தே இருந்தது. திடீரென்று அவள் கொக்குகளை விட்டுவிட்டு, இடது பக்கம் தலையைத் தூக்கினாள். அங்கே ஒன்றுமில்லை. பிறகுதான் எனக்கே அந்த இரைச்சல் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேகத்திலிருந்து, இரண்டு விசிறிகள் சுற்ற, அந்தச் சிறிய விமானம் வெளியே வந்தது. ஜெசி என்னைப் பார்த்தாள். அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையம் வரை ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருமதி லிம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வேலியில் கை வைத்திருந்தாளா?”

“ஆமாம்.”

“கம்பியின் அதிர்வு கைக்குத் தெரிந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அடுத்த முறை தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். முகம் விமானத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். எதையும் தொட விடாதீர்கள்.”

அடுத்த முறைக்கு இரண்டு வாரம் காத்திருக்க என்னால் முடியாது. மாலை ஆறு இருபதுக்கு அலோர் ஸ்டாரில் இறங்கினோம். நல்ல வெளிச்சம் இருந்தது. அதே விமானம் புதிய பயணிகளை ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குத் திரும்ப வேண்டும். வேலியிலிருந்து இருபதடி தள்ளி, புல்தரையில் ஜெசியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவள் முகம் என் தோளுக்குப் பின்னால், கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி இருந்தது. எங்களை அழைத்துப்போக வந்திருந்த ஆறுமுகம் அண்ணனை அவள் முன்னால் நிற்கச் சொன்னேன்.

“அவ முகத்த மட்டும் பாருங்கண்ணே.”

விசிறி ஒன்று சுற்றத் தொடங்கியது.

“ஒண்ணுமில்ல டீச்சர், என்னையத்தான் பாக்குது” என்றார் அண்ணன். இரண்டாவது விசிறியும் சுற்றியது. இரைச்சல் ஏறியது. “இருங்க, இருங்க. கண்ண சிமிட்டுது. டீச்சர்! திரும்புது! புள்ள திரும்புது டீச்சர்!”

அவள் என் தோளில் கையை ஊன்றி, உடம்பையே முறுக்கிக்கொண்டு விமானத்தின் பக்கம் திரும்பினாள். ஒரு விரலைக் காதருகே கொண்டுபோனாள். பிறகு, “ம்ம்ம்” என்று அதைப் போலவே ஒலி எழுப்பினாள்.

அன்று வீடு போய்ச் சேரும் வரை அண்ணன் ஹாரனை அடித்துக்கொண்டேதான் வந்தார். ஒவ்வொரு முறையும் ஜெசி சிரித்தாள்.

பிறகு பினாங்குப் பாலம் வந்தது. பெர்ரி வரிசை இல்லை, பாயான் லெப்பாஸிலிருந்து விமானங்களும் அதிகம். பழைய வாதத்தை சாமுவேல் மறுபடி எடுத்தார். இந்த முறை நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. அவசரமான சில நாள்களில் அந்த வழியாகவும் போய் வந்தோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் கையில் நேரம் இருந்தால் ஆறுமுகம் அண்ணனிடம் வடக்கே விடச் சொல்லுவேன்.

அப்படிப் போன ஒரு காலை, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தோம். ஜெசிக்கு அப்போது ஏழு வயது. கதவருகே போய்விட்டாள். பின்னாலிருந்து ரொஹானி சாதாரணக் குரலில், ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுவது போல, “ஜெசி” என்றார்.

“என்னா?” என்று திரும்பிக் கேட்டாள் என் மகள்.