ஏழுமலை அண்ணன் கரண்ட் கேட்டு வந்த நாள்

எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் இன்று காலை போய்விட்டார்...

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போட்டோவைப் பார்த்ததும், கீழே இருந்ததைப் படிக்காமல் "ஹேப்பி பர்த்டே அண்ணே" என்று கேக் படத்தோடு போட்டுவிட்டேன். "அப்பா, மொதல்ல அத அழிங்க" என்று மகள் போனில் அழுதாள். அதற்குள் தெருவே பார்த்துவிட்டது.

அண்ணன் பட்டு நெய்பவர். நான் ரெண்டு பஸ் மாறிப் போய், வயல்களுக்கு நடுவே இருந்த அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவன். நிலக்கரி தானாகத் தீப்பிடிக்காமல் இருக்க, குவியல் மேல் தண்ணீர் பீய்ச்சுவேன். எட்டாவது படித்தவனுக்கு அதுவே பெரிய போஸ்ட்.

ஆனால் தெருவில் கரண்ட் போனால் குற்றவாளி நான்தான்.

"யோவ் பவர் ஸ்டேஷன்! இருட்டுல இழை அறுந்தா எனக்கு எப்பிடிபா தெரியும்? உன் ஆபீசுக்குப் போனப் போடு!"

நானும் வெட்கமே இல்லாமல், "சொல்லிட்டேண்ணே, வந்துடும்" என்பேன். சில நாள் வந்தும்விடும்.

மகளைப் பெண் பார்க்க வந்த அன்று... தரகர் என்னை ஆபீசர் என்று சொல்லி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"உங்களுக்குக் கீழ எத்தினி பேரு சார்?" என்றார் பையனின் அப்பா.

"யாரும் இல்லீங்க. கரி மேல தண்ணி ஊத்தற வேலை."

கையில் எடுத்த சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. கதவோரம் அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றது. வாசலில் அண்ணன்.

"யோவ், மறுபடியும் நிறுத்திட்டியா?"

பையனின் அப்பா திரும்பி, "இவரு தண்ணி ஊத்தறவராமே?" என்றார்.

"அதான் சாமி! நாள்பூரா கரியில தண்ணிய ஊத்திக்கினு இருந்தா கரண்ட் எங்கேர்ந்து வரும்? நானும் சொல்லிக்கினே இருக்கறேன், கேக்கவே மாட்டேங்கறாரு!"

முதலில் பையன் சிரித்தான். அப்புறம் அவன் அப்பா... சிரிப்பு அடங்கியதும் தட்டு மறுபடி கைக்குப் போனது.

அண்ணன் கிளம்பவில்லை. உட்கார்ந்து, கரண்ட் வரும்வரை என் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் அண்ணே.

மாலை போடும்போது இன்னொன்றும் வாய் வரைக்கும் வந்தது. சுற்றிலும் ஆட்கள், சொல்லவில்லை.

அன்னைக்குக் கரண்ட் போறதுக்கு முன்னாலயே நீங்க எங்க வாசல்ல நின்னுக்கினு இருந்தீங்கண்ணே. சலவைச் சட்டையோட. நான் பார்த்தேன்.