அண்ணன் பழம் தின்ன ஆரம்பித்தார்

போன வெள்ளிக்கிழமை காலையில் ட்ரங்க் கால். ஜேடர்பாளையத்திலிருந்து அண்ணி.

எங்கள் அண்ணி போன் செய்கிறாள் என்றாலே எனக்குப் பயம்தான். போஸ்ட் ஆபீஸுக்கு நடந்து போய், கால் புக் பண்ணி, காத்திருந்து பேசுகிற விஷயம் சாதாரண விஷயமாகவா இருக்கும்? யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ரிசீவரைக் காதில் வைத்தேன்.

“அம்மிணி, உங்கண்ணன் பழம் திங்கறத நீதான் சொல்லி நிறுத்தோணும்.”

புருஷன் குடிப்பதை நிறுத்தச் சொல்லி அழுத பெண்களைத் தெரியும். சீட்டாடுவதை நிறுத்தச் சொல்லிக் கோயிலில் வேண்டிக்கொண்டவர்களைத் தெரியும். பழம் தின்பதை நிறுத்தச் சொல்லி ஒருத்தி கெஞ்சுவதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“கலாமணி கல்யாணம் நின்னு போயிருமாட்ட இருக்குது” என்றாள். குரல் உடைந்துவிட்டது. அதற்குள் லைனும் போய்விட்டது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அண்ணன் முத்துசாமிக்கு வாய்க்கால் பாசனத்தில் வாழையும் கரும்பும். ஐம்பதைத் தாண்டியவர். சில மாதங்களாகத் தலை கிறுகிறுப்பு, காலையில் பிடரி வலி. சேலத்துக்கு வரவழைத்து, எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டிலிருந்து நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தக் கொதிப்பு. ஆரம்பம்தான். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உப்பைக் குறையுங்கள், கறியைக் குறையுங்கள், தினமும் பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்.

“அவ்வளவுதானுங்களா? ஊசி ஒண்ணும் இல்லீங்களா?” என்று கேட்டார் அண்ணன்.

இல்லை என்றதும் அவர் முகம் வாடிப்போயிற்று. இத்தனை தூரம் பஸ் ஏறி வந்ததற்கு ஒரு ஊசிகூட இல்லையென்றால் எப்படி?

அண்ணனுக்கு எதையும் சில்லறையாக வாங்கத் தெரியாது. உரம் என்றால் வண்டி. அரிசி என்றால் மூட்டை. பழம் என்றால்..? கூடை. ஒரு கூடைச் சாத்துக்குடியும், மேலே தாளில் சுற்றிய ஆப்பிள்களும் வாங்கினார்.

“உங்க தோட்டத்துலேயே வாழைப்பழம் இருக்கு, வேலியோரம் கொய்யா இருக்கு. அதைச் சாப்பிட்டா ஆகாதாண்ணா?” என்றேன்.

“அது நாம விக்கறது, அம்மிணி” என்றார்.

கூடையை பஸ்ஸின் மேலே ஏற்றியிருக்கலாம். அண்ணன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் போய் இறங்கினார். வம்பு அங்கே ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் பழத்துக்கு இரண்டே இடம்தான். தாம்பூலத் தட்டு ஒன்று. அங்கே வாழைப்பழம். ஆஸ்பத்திரிக் கட்டில் இன்னொன்று. அங்கே ஆப்பிளும் சாத்துக்குடியும். நன்றாக நடமாடுகிற மனிதர் ஆப்பிள் தின்று ஊரில் யாரும் பார்த்ததில்லை. சின்ன வயதில் நான் ஆப்பிள் கேட்டால் எங்கள் அப்பா என்ன சொல்வார் தெரியுமா? “காச்சல் வரட்டும் சாமி, வாங்கித் தாரேன்.”

காய்கறி மட்டும் என்ன வாழ்ந்தது? கத்திரியும் வெண்டையும் தோட்டத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். நல்லதெல்லாம் மார்க்கெட்டுக்கு. கோணலும் சொத்தையும் வீட்டுக்கு. குழம்பில் நாலு துண்டு மிதந்தால் காய் சாப்பிட்டதாகக் கணக்கு. இலையில் கீரையும் பொரியலும் அதிகமாகி, சோறு குறைந்துவிட்டதா... அது பத்தியம். வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் காய் அனுப்புகிற நாங்கள், அதை மருந்து மாதிரிப் பார்த்துப் பழகிவிட்டோம். பட்டணத்துக்காரர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பழக்கடை வைத்தவன் நஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஊர் அத்தோடு விட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆடு அறுத்துக் கூறு போடுகிற நாள். எங்கள் அண்ணனுக்கு ஒரு கூறு, சொல்லாமலே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அது வருஷக்கணக்கான ஏற்பாடு. அந்த ஞாயிறு அண்ணன், “எனக்கு வேண்டாம், வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க” என்று சொல்லி அனுப்பினார்.

கூடை நிறையச் சாத்துக்குடி. கறி வேண்டாம். ஊர் இரண்டையும் கூட்டிப் பார்த்தது. கேன்சர் என்று விடை வந்தது.

மறுநாளே விசாரிக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கையை வீசிக்கொண்டா வருவார்கள்? ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடி, ஒரு பிரெட் பாக்கெட். அண்ணனும் சந்தோஷமாக வாங்கி, வந்தவர்கள் எதிரிலேயே உரித்துத் தின்றார். “எனக்கொண்ணுமில்லீங்க, கொதிப்பு கொஞ்சம், அவ்வளவுதானுங்க” என்று உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர்கள் வாசலைத் தாண்டியதும், “பாவம், ஆளுக்கே சொல்லாம மறைச்சு வச்சிருக்காங்க” என்று பேசிக்கொண்டார்கள்.

கலாமணி அண்ணனுக்கு ஒரே பெண். குமாரபாளையத்தில் தறி வைத்திருக்கும் அர்த்தனாரியின் பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தது. உப்பு சர்க்கரை மாற்றிக்கொண்டால் நிச்சயம் ஆன மாதிரி. அதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் இந்தக் கூத்து. “இப்ப அவசரமில்லீங்க, பொறகு பாத்துக்கலாம்” என்று அங்கிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியாதா? கூடவே இன்னொரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் முகத்தில் தெளிச்சி. பிடரி வலி போய்விட்டதாம், காலையில் உடம்பு லேசாக இருக்கிறதாம். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. அவள் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தாள். பழங்களையெல்லாம் மாட்டுக் கொட்டகைக்குக் கடத்தியாகிவிட்டது. நாளைக்கு வீட்டிலேயே கிடா அறுப்பது. அவர்கள் உள்ளே நுழைகிற நேரம் அண்ணன் இலை முன்னால் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்கு, உடம்புக்கு ஆகாததைத் தின்று காட்ட வேண்டுமா?

“விடு அம்மிணி. கொதிப்பு எனக்கு. கல்யாணம் அவளுக்கு. ஒரு நாளைக்குத் தின்னா என்ன ஆயிரப் போகுது?” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கலாமணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண்.

ஞாயிறு மத்தியானம். பஸ் ஹாரன் கேட்டதும் அண்ணி இலையைப் போட்டாள். சோறு, குழம்பு, குவியலாகக் கறி. அர்த்தனாரியும் அவர் மனைவியும் கையில் ஒரு பையோடு உள்ளே வந்தார்கள். பைக்குள் என்ன இருக்கும்? ஆப்பிள்தான்.

அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து நின்று வரவேற்றார்.

“உக்காருங்க, நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க” என்றாள் அண்ணி.

“இருக்கட்டுங்க” என்றார் அர்த்தனாரி. “ஆளைப் பாத்துட்டுப் போலாமுன்னுதான் வந்தோம்.”

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் இலையில் உட்கார மறுத்ததன் அர்த்தம் எங்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அர்த்தனாரியின் மனைவி கறி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“டாக்டருங்க கைவிட்டுட்டாங்களா? ஆசப்பட்டதக் குடுங்கன்னு சொல்லிட்டாங்களா?” என்றார் தணிந்த குரலில்.

அண்ணி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். பழம் தின்றால் நோயாளி. கறி தின்றால் கடைசி ஆசை. இனி இந்த மனிதர் எதைத்தான் தின்பது? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தச் சமயத்தில் கலாமணி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் பெரிய தாம்பாளம். கொட்டகைக்குப் போன பழங்கள் நறுக்கிய துண்டுகளாகத் திரும்பி வந்திருந்தன. கூடவே வேலியோரத்துக் கொய்யாவும் வெள்ளரிப் பிஞ்சும். தட்டுத் தட்டாக எடுத்து எல்லார் முன்னாலும் வைத்தாள். அப்பாவுக்கு, எனக்கு, அம்மாவுக்கு, வந்தவர்கள் இருவருக்கும், கடைசியில் தனக்கு ஒன்று.

“என்ன கண்ணு, எல்லாத்துக்குமா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஆமாங்க. அப்பாவுக்கு மட்டும் வச்சா மருந்துங்க. எல்லாத்துக்கும் வச்சா சாப்பாடுங்க.” அர்த்தனாரியின் பக்கம் திரும்பினாள். “அப்பாவுக்கு ரத்தக் கொதிப்புங்க. பழமும் காயும் திங்கச் சொல்லியிருக்காங்க. வேற ஒண்ணுமில்லீங்க. நம்பிக்கை இல்லீன்னா சேலத்துல டாக்டரையே போய்க் கேட்டுக்குங்க. அதுக்குப் பொறகும் வேண்டாமுன்னு தோணுனா சரிங்க. பொய்யா எலும்பக் கடிச்சு எங்கப்பா எனக்குக் கல்யாணம் பண்ண வேண்டாமுங்க.”

கல்யாணப் பெண் சம்பந்தி முன்னால் பேசுகிற பேச்சா இது? போயிற்று என்றுதான் நினைத்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அர்த்தனாரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தார்.

“சாப்பிடுங்க” என்றார். “உங்களுக்கு டாக்டரு சொன்னதும் இதத்தானுங்களே.”

நாங்கள் எல்லாரும் நிமிர்ந்தோம். மனிதர் செருமினார். ஈரோட்டில் பார்த்த டாக்டர் அவருக்கும் இதே கொதிப்பைச் சொல்லி, இதே பழத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்... போன வருஷமே. ஒரு நாள்கூட வாயில் வைக்கவில்லையாம்.

“பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறப்ப நான் சாத்துக்குடி உரிச்சுட்டு உக்காந்திருந்தா எவன் பொண்ணு குடுப்பானுங்க?” என்றார்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அர்த்தனாரியும் சிரித்தார். பிறகு ஒரு கொய்யாத் துண்டை எடுத்து, கொஞ்சம் யோசித்து, வாயில் போட்டுக்கொண்டார். கை நனைத்தாயிற்று. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பும் சர்க்கரையும் எடுக்க உள்ளே ஓடினாள். கறி? அது வீணாகவில்லை, ஆளுக்கு இரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டு மீதியை அக்கம்பக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மருந்து என்று தனியாக ஒருவருக்கு வைத்தால் எதுவும் தொண்டைக்குள் இறங்காது. வீட்டோடு உட்கார்ந்து தின்றால் பாகற்காய்கூட இறங்கிவிடும். பத்திரிகையில் என் எழுத்தைப் படித்துவிட்டு, நீண்ட ஆயுசுக்கு வழி கேட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மீதியை டாக்டரிடம் கேளுங்கள்.

கிளம்பும்போது அர்த்தனாரி, தான் கொண்டு வந்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “உங்ககிட்டத்தான் கூடையே இருக்குதுங்களே. இது எனக்காகட்டும்” என்றார். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, வழியெல்லாம் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே போனாராம்.

குமாரபாளையத்தில் இந்நேரம் அவருக்கு என்ன நோய் என்று முடிவு கட்டியிருப்பார்களோ... கட்டட்டும், முகூர்த்த நாள்தான் குறித்தாகிவிட்டதே!