தகரத்துக்கு அடியில்

குளிர்காலத்தில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் நாங்கள் தங்கியிருக்கும் கேம்ப் ரூமின் தகரக் கூரையிலிருந்து பனித்தண்ணீர் சொட்டும். அதற்குமுன் அடியில் தெர்மாகோல் கட்டிவிடுவோம். இன்று போன வருடத்துத் தெர்மாகோலைத் தொட்டதும் எலி செத்த நாற்றம் அடித்தது.

"பழசை அப்படியே விட்டுட்டு, புதுசைக் கீழ கட்டிடலாம்ணே" என்றான் ரூமில் இருக்கும் செல்வம்.

ஊரில் எங்கள் தகர வீட்டிலும் ஒரு குளிர்காலத்தில் இதே நாற்றம் அடித்தது. அப்போது எனக்கு எட்டு வயது. தங்கை பிறந்து பத்து நாள். அவள்மேல் பனி சொட்டாமலிருக்க அப்பா உரச்சாக்குகளைத் தைத்துத் தகரத்துக்கு அடியில் கட்டினார். அந்தச் சாக்குக்குள் ஓர் எலி செத்துப்போனது. சாக்கு பழுப்பாக நனைந்து தொங்கியது.

"தை பொறக்கட்டும், கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார். நாங்கள் உள்ளேயே கிடந்தோம். ஒருநாள் அம்மாவின் கஞ்சியில் புழு விழுந்தது. விரலால் எடுத்துச் சுவரில் தேய்த்துவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். பிள்ளைக்குப் பால் வேண்டுமே. அதன்பிறகு அப்பா முகத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

"நீ நாளைக்கு லீவுல ஊருக்குப் போற. இதுக்கடியில நாந்தான்டா சோறு திங்கணும்" என்றேன் செல்வத்திடம்.

செல்வம் சிரித்தான். நான் ஏணியை நகர்த்தி, அவன் கட்டிலுக்கு நேர்மேலே பழைய தெர்மாகோலைத் தாங்கியிருந்த கயிற்றை அறுத்தேன். அப்போதுதான் அவன் ஓடிப்போய், கட்டில்மேல் திறந்துகிடந்த, ஊருக்குக் கட்டிய பெட்டியை மூடினான்.