அரையிஞ்சு சுட்ட பிஸ்கட்

என் சித்திக்குப் பிள்ளைகள் ஐந்து. மூத்தவள் கடல் தாண்டிப் போனவள். அடுத்த இரண்டும் இரட்டை. கடைசிப் பெண் வாத்தியார் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுக்கு முந்திப் பிறந்தவன்தான் நான் சொல்ல வந்த தையல்காரன். பேரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. அரையிஞ்சு வீடு எங்கே என்றால் பால் பல் விழாத பிள்ளைகூடக் கைகாட்டும்.

அவன் தைப்பது பள்ளிச் சீருடை. எந்தச் சட்டையானாலும் தையலுக்கு உள்பக்கம் அரையிஞ்சு துணி கூடுதலாக மடித்து விட்டுவிடுவான். "பிள்ளைங்க வளரும்ங்க. அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்பான். இதனால் அவனிடம் தைத்த சட்டை இரண்டு வருசம் ஓடும், அவன் வியாபாரம் ஒரு வருசம் படுக்கும். சொன்னால் சிரிப்பான்.

நாற்பது வயதுவரை ஒண்டிக்கட்டை. ஊருக்கெல்லாம் அளவெடுத்தான், தனக்கென்று ஒன்று எடுக்கவில்லையே என்று நாங்கள் கேலி பேசி ஓய்ந்த பிறகு, மகளுக்குப் பாவாடை தைக்க வந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. முதல் புருஷன் இறந்து மூன்று வருசம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு எட்டு வயது. சின்னவனுக்கு நாலு, ஆளைப் பார்த்து உருண்டை என்று கூப்பிடுவோம்.

உருண்டை இரண்டாம் வாரமே "அப்பா" என்று அவன் தோளில் ஏறிவிட்டான். பெண் அப்படியில்லை. எதிர் வீட்டில் இருக்கிற என்னைக்கூட முறை தெரிந்து "பெரியப்பா" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க" என்பாள். அம்மா பரிமாறினால் பாதி சாப்பிடுவாள், அவன் பரிமாறினால் கால்வாசி.

ஆறு மாதம் இப்படிப் போனபோது பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அதே சமயம் தாய்க்காரிக்குப் புது இயந்திரம் ஒன்றைப் பழகப் பன்னிரண்டு நாள் வெளியூர்ப் பயிற்சி. அவள் புறப்படுவதற்கு முந்தின நாள் பிள்ளைகளின் அத்தை வந்தாள், இறந்துபோன தகப்பனுக்கு அக்காள். நல்ல மனுஷி. வாயில் வஞ்சகம் கிடையாது.

"நான் குறை சொல்ல வரலை தம்பி" என்றாள் இவனைப் பார்த்து. "பையன் ஒட்டிக்கிட்டான், சந்தோஷம். இந்தப் பொண்ணு சாப்பிடவும் மாட்டேங்குறா, பேசவும் மாட்டேங்குறா. எங்க வீட்டுல என் பிள்ளைங்களோட அவளும் ஒண்ணா வளரட்டுமே."

தாய்க்காரி பயணப் பெட்டியை மூடிவைத்தாள். பிறகு சொன்னாள். "அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன் அண்ணி. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வாங்க. அவளையே கேளுங்க. வரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் பஸ் ஏறும்போது அவள் மகளைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணே, எனக்குத் தெரிஞ்ச சமையல் ரெண்டே ரெண்டு. ஒண்ணு சோறு. இன்னொண்ணு, அது குழைஞ்சு போனா கஞ்சி."

முதல் நாள் சோறு, பயறு, வேகவைத்த கேரட். உருண்டை இரண்டு தட்டு அடித்தான். பெண் கேரட் துண்டுகளை எடுத்து, தட்டின் ஓரத்தில் பித்தான் வைத்த மாதிரி வரிசையாக அடுக்கிவிட்டு, "போதும்ங்க, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று எழுந்துபோனாள்.

"கடைக்கு வர்றவங்ககூட என்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசுறதில்லை அண்ணே. பயமா இருக்கு" என்றான் சாயங்காலம்.

இரண்டாம் நாள் மனைவி எழுதிவைத்திருந்த சமையல் நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றான். எண்ணென்றால் தண்ணீர் பட்ட பாடு, எழுத்து அவனுக்குக் கொஞ்சம் மக்கர். எங்கள் வீட்டில் எவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை, வாத்தியார் வந்ததே கல்யாணத்தில்தான். "உ... ரு... ளை..." என்று அவன் கூட்டிக்கொண்டிருந்ததை வாசற்படியில் நின்ற பெண்ணால் தாங்க முடியவில்லை.

"உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலை உரிக்கவும்" என்றாள். "குடுங்க, நான் படிக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் முக்காலிமேல் ஏறி நின்று படிப்பாள், இவன் செய்வான். கிழங்கை மசிப்பதும் உருட்டுவதும் உருண்டையின் வேலை. பெயருக்கேற்ற வேலை. முழங்கைவரை மாவு, மூக்கு நுனியில் மாவு, ஒருநாள் பூனை முதுகிலும் மாவு. அவன் உருட்டியதை ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் இடுவார்கள். பக்கத்தில் நின்றால் எனக்கும் இரண்டு கிடைக்கும்.

பெண் கண்டிப்பான முதலாளி. "ஒரு தேக்கரண்டி உப்புன்னு போட்டிருக்கு. நீங்க குவிச்சுப் போட்டீங்க."

"கொஞ்சம் கூட விடுறது பழக்கமாப் போச்சும்மா."

"சட்டைன்னா பிரிச்சு விடலாம். உப்பை எப்படிப் பிரிக்கிறது?"

இவன் உப்பைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றினான். கிழங்கு கூழாகிவிட்டது. அன்றைக்குக் கூழ்.

துணி ஓரம் பிரியாமலிருக்கப் பல் பல்லாக வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று தையற்கடையில் உண்டு. புதிதாக ஒன்று வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, அடுப்படிக்கென்றே மாட்டிவைத்தான். முட்டையை மெல்லிசாக ஊற்றிச் சுட்டு, அந்தக் கத்தரியால் நட்சத்திரம், மீன், காற்சட்டை என்று வெட்டிக் கொடுப்பான். காற்சட்டைக்கு இரண்டு பை வைத்து அதில் பட்டாணி நிரப்பச் சொன்னது பெண். அது சரியாக வந்தபோது, "டெய்லர், இது நல்லா இருக்கு" என்றாள்.

அதைச் சொல்ல அவன் தெருவைத் தாண்டி ஓடி வந்தான். "டெய்லர்னு கூப்பிட்டா அண்ணே."

"ஊரே உன்னை அப்படித்தானேடா கூப்பிடுது?"

"ஊரு வேற, இது வேற."

முறை கிடைக்காவிட்டாலும் பேர் ஒன்று கிடைத்தது. சாப்பாடும் இறங்கத் தொடங்கியது. முதலாளி என்றால் சரக்கைச் சோதிக்க வேண்டுமல்லவா? "சரியா இருக்கான்னு பாக்குறேன்" என்று ஒன்றை எடுப்பாள். "இது அதே மாதிரி இருக்கான்னு பாக்குறேன்" என்று இன்னொன்று. இப்படிச் சோதித்தே நாலு உருண்டை உள்ளே போய்விடும். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி, பாத்திரம் துலக்குகிறவன் மாதிரி நிற்பான். பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

நாள் ஓடியது. வாழைப்பழம் பிசைந்து அப்பம், தொப்பி வைத்த தக்காளி, காதுள்ள ரொட்டி. பதினோராம் நாள் சாயங்காலம் மறுபடி என்னிடம் வந்தான், முகத்தில் களை இல்லை.

"கதவுப்பக்கத்துல பை இருக்கு அண்ணே. எல்லாத் துணியையும் எடுத்து வச்சிருக்கா. நான் மடிக்கிறதைவிட நேரா மடிச்சிருக்கா."

"ஏன்னு கேட்டியா?"

"எப்படிக் கேக்குறது? போறேன்னு சொல்லிட்டா?"

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பெண் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். பிஸ்கட். வீட்டு ஆட்கள் ஒவ்வொருவர் உருவத்திலும் ஒவ்வொன்று வேண்டும், அத்தைக்கும் ஒன்று வேண்டும் என்றாள். வழிக்குக் கட்டிக்கொண்டு போகத்தான் கேட்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். நினைத்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பழுப்புக் காகிதத்தில் ஆறு பேரையும் வரைந்து வெட்டினான். அம்மாவுக்குக் கொண்டை, அத்தைக்குக் கைப்பை, எனக்குத் தொந்தி.

"இவ்வளவு பெருசா இல்லைடா" என்றேன்.

"இருபத்தஞ்சு வருசமா நான்தான் உங்களுக்கு அளவெடுக்குறேன்" என்றான். நான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மாவைத் திரட்டித் தேய்த்துக் காகிதங்களை மேலே வைத்து, சுற்றிக் கத்தியை ஓட்டினான். எப்படி ஓட்டினான்? கை பழகியபடிதான், காகிதத்தைச் சுற்றி அரையிஞ்சு விட்டு. பிறகு தட்டில் அடுக்கினான். துணி வெட்டுகிறவனுக்குத் துண்டுகளை நெருக்கிப் போட்டுத்தான் பழக்கம், ஒரு விரல் துணிகூட வீணாகக் கூடாது. என் தொந்தி வளைவில் உருண்டையின் தலை. அம்மாவின் இடுப்பில் பெண்ணின் முழங்கை. தட்டில் ஊசி போட இடமில்லை.

"டெய்லர், ரெண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கவும்னு போட்டிருக்கு."

"இடைவெளி விட்டாச்சும்மா. ஒவ்வொரு ஆளைச் சுத்தியும் அரையிஞ்சு இருக்கு பாரு."

"அது இடைவெளி இல்லை."

"நீ பாரேன்" என்று அவனுக்குள்ள ஒரே கர்வத்தோடு தட்டை மின்சார அடுப்புக்குள் தள்ளினான்.

அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உருண்டை காவல் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் செய்தி வர ஆரம்பித்தது.

"அப்பா, பெரியப்பா வீங்குறார்."

"அப்படித்தான்டா இருக்கும்."

"அக்கா, உன் கை அம்மாவுக்குள்ள போயிடுச்சு. அத்தை பையைக் காணோம். என்னையும் காணோம்."

அவன் தட்டை இழுத்தான். ஆறு பேரும் கலந்து, தலையணை உறை அளவுக்கு ஒரே பிஸ்கட். அங்கங்கே மேடாக இருந்ததில் எது என் தொந்தி என்பது மட்டும் தெரிந்தது. நான் வாசலைப் பார்த்தேன். அத்தை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

பெண் வாசலைப் பார்க்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கினாள்.

"நான் படிச்சேனா இல்லையா? ரெண்டு விரல்னு படிச்சேனா? ஆளைச் சுத்தி விட்டா ஆள்தான் பெருசாகும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல விடணும். உப்புலயும் இதையேதான் பண்ணீங்க. அன்னிக்குப் பால்லயும் இதையேதான் பண்ணீங்க. எதைச் சொன்னாலும் சரிம்மா சரிம்மான்னுட்டு உங்க இஷ்டத்துக்குப் பண்றீங்க. அப்புறம் எதுக்கு நான் தொண்டை வத்தப் படிக்கிறேன்?"

இரண்டு கையிலும் துணிக் கையுறையோடு அவன் தலை குனிந்து நின்றான். "தப்புத்தான்மா. கத்தரியால பிரிச்சுடுறேன்" என்று வெட்டப்போனான். சூட்டில் அது படக்கென்று உடைந்து என் தலை தனியே உருண்டது.

"பெரியப்பா செத்துட்டார்" என்றான் உருண்டை.

"இன்னும் இல்லைடா" என்றேன்.

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "பாப்பா, கிளம்பலாமா? அஞ்சு மணிக்கு பஸ்."

தையல்காரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண் கதவுப்பக்கத்துப் பையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"அஞ்சு மணிக்கு எப்படி அத்தை முடியும்? பாதி மாவு அப்படியே இருக்கு."

"மாவை அவங்க பாத்துப்பாங்க."

"இவங்களா? ரெண்டு விரல் எதுன்னே இவங்களுக்குத் தெரியலை. அம்மா காலையில வர்றாங்க. ஒரு தட்டாவது ஒழுங்கா இருக்கணும்ல."

"அப்ப அதுக்கு அடுத்த பஸ்ல போலாமா?"

பெண் யோசித்தாள். யோசிக்கும்போது நகத்தில் ஒட்டிய மாவை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நீங்க ரெடியா இருன்னு சொன்னீங்க, அதான் பை கட்டினேன். நான் வரலை அத்தை. இங்கேயே இருக்கேன். அடுத்த வாரம் இவங்க கேக் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. படிச்சுச் சொல்ல ஆளில்லைன்னா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க." உடைந்து கிடந்த எங்களைக் காட்டினாள்.

அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னாள். "எங்க வீட்டுக்கு வந்தா மூணு நாளைக்கு மூணு வார்த்தை பேசுவா. என் தம்பி போனதுக்கப்புறம் இவ இப்படி ஒருத்தரைத் திட்டி நான் கேக்கலை." பிறகு கையை நீட்டித் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டை ஒடித்தாள்.

"அது உங்க காலு, அத்தை" என்றான் உருண்டை.

"இருக்கட்டும். வலி தாங்க முடியாத காலுதான், தொலையட்டும்" என்று கடித்தாள். "தம்பி, உருவம் எப்படியோ, ருசி நல்லா இருக்கு."

தையல்காரன் கையுறையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் மாவாக்கிக்கொண்டான்.

நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. பெண்தான் எடுத்தாள். தாய்க்காரியின் குரல் எனக்கே கேட்டது. "பாப்பா, அத்தை வந்தாங்களா? என்னம்மா முடிவு பண்ணின?"

"வந்தாங்க. பிஸ்கட் சாப்பிடுறாங்க. நான் போகலைம்மா. டெய்லர் அடுத்த தட்டுக்கு அடுக்குறாங்க, நான் பக்கத்துல இல்லைன்னா நெருக்கிடுவாங்க, வச்சிடுறேன்" என்று வைத்துவிட்டு ஓடினாள்.

உடனே மறுபடி மணி அடித்தது. அடுப்படியில் எல்லோர் கையிலும் மாவு. அத்தைதான் போய் எடுத்தாள்.

"நான்தான்மா. ஆமா, நிஜம்தான். அழாதே. நான் அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஒத்தையாத்தான் போறேன், அதுக்கும் இந்த ரெண்டாவது தட்டு வெந்தாத்தான் விடுவா போலிருக்கு."