கப்பித்தான் போன ஊர்

மற்ற ஊர்களில் பெரிய லீவு பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் விடுவார்கள். எங்கள் மண்டபத்தூரில் கடலுக்கும் சேர்த்து விடுவார்கள். சித்திரை பிறந்தால் மீன் முட்டையிடும் காலம் என்று அரசாங்கம் தடை போட்டுவிடும். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வருஷம் முழுக்க விருந்தாளி மாதிரி வந்து போகிற அப்பாக்கள் அந்த நாட்களில்தான் முழுசாக வீட்டில் இருப்பார்கள். சில வீடுகளில் அது பெரிய தொந்தரவு. என் அப்பாவோ சும்மா உட்காரத் தெரியாத மனுஷர். படகைக் கட்டிய மறுநாளே எங்களைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்.

அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் போனாலும் அப்பாவின் கணக்கில் நாங்கள் நாலு பேர். நாலாவது ஆள் கப்பித்தான். காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கடையில் எனக்கு வாங்கித் தந்த துணிக்குரங்கு அது. சிவப்புத் தொப்பியும், எப்போதும் எதையோ தின்றுவிட்டு மறைக்கிற முகமும் அதற்கு உண்டு. வாங்கிய வாரமே அப்பா என்னிடம் கெஞ்சிக் கேட்டு அதை எடுத்துப்போய், படகு ஓட்டுகிற அறையில் கண்ணாடிக்கு மேலே கட்டிவிட்டார். படகு வேறொரு முதலாளியுடையது. அப்பா அதில் டிரைவர்.

"நான் வெறும் டிரைவரு பாப்பா. கப்பித்தான் அவருதான். அவரு கை காட்டுற பக்கம் நான் திருப்புவேன், அவ்வளவுதான் என் வேல" என்பார்.

தடைக்காலம் வந்தால் கப்பித்தான் கரையிறங்கி எங்களோடு பஸ் ஏறுவார். வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி என்று காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுகிற ஊர்கள்தான். ஆனால் போனதைவிடப் போன கதைதான் பெரிது. வீட்டுக்கு வந்து கால் கழுவியதும், அப்பா குரங்கை மடியில் வைத்துக்கொண்டு மூக்கால் பேச ஆரம்பிப்பார். நாகூரில் வாங்கிய அல்வா பாதி வழியில் குறைந்துபோனதற்குக் கப்பித்தான் சொன்ன சமாதானம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "நான் திங்கவேயில்ல. அல்வாதான் வழுக்கிட்டு என் வாய்க்குள்ள வந்துடுச்சு." தரங்கம்பாடிக் கோட்டையில் பீரங்கி மேல் ஏறிக்கொண்டு, இது என் கப்பலில் காணாமல் போன பீரங்கி, கொடுத்தால்தான் இறங்குவேன் என்று அவர் அடம் பிடித்தாராம். அரை டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் சண்டைக்கே போனாராம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

அம்மா சிரிக்க மாட்டாள். அவள் கூடையில் மீன் எடுத்துக்கொண்டுபோய் விற்கிறவள். நேற்று மீனை நேற்று மீன் என்று சொல்லியே விற்பாள். இல்லாததை இருக்கிறதாகச் சொல்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. "போதும் நிறுத்துங்க. புள்ளைக்கும் பொய் பேசக் கத்துக்குடுக்குறீங்க" என்பாள். ஆனால் கதை முடிகிறவரை அந்த இடத்தைவிட்டு எழுந்தும் போக மாட்டாள்.

எனக்கு எட்டு வயது நடந்த வருஷம் அப்பா கொடைக்கானல் போகலாம் என்றார். ரயில், மலை, குளிர், எல்லாம் உண்டு என்றார். "கப்பித்தானோட சொந்தக்காரங்க அங்க நெறைய பேரு இருக்காங்களாம். பாத்தே ஆவணும்ங்குறாரு." தடை தொடங்க இன்னும் சில நாட்கள் இருந்தன. அதற்குள் ஒரு முறை கடலுக்குப் போய் வந்துவிட்டால் செலவுக்கு ஆகும் என்று அவருக்கு எண்ணம். அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை.

"எல்லாரும் கடைசி தடவன்னு தூரமாப் போவாங்க. நீங்க போவாதீங்க" என்றாள்.

"நானா போறேன், கப்பித்தான்ல கூப்புடுறாரு" என்று அப்பா சிரித்துக்கொண்டே போனார்.

அந்தப் படகு திரும்பி வரவில்லை. மீன் கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போனதில் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பக்கத்துக் காவல் படகு வந்து, படகையும் ஆட்களையும் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. அப்பாவையும் கூடப் போனவர்களையும் அங்கே சிறையில் வைத்தார்கள். எங்கள் கரையில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் அந்தந்த வீட்டுக்கு அது புதுசாகத்தான் வந்து விழும்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் பெண்கள் கூடியதும், விற்கப் போகாத நாளிலும் அம்மா மீன்கூடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதும்தான். மத்தியானமே என்னைப் பஸ்ஸில் ஏற்றித் தலத்தெருவில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"அப்பா எங்கம்மா?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"எந்த ஊருக்கு?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அக்கரைக்கு. கப்பித்தானுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களாம், அதான்."

"நம்மள விட்டுட்டா?"

"அவசரமாப் போவ வேண்டியதாப் போச்சு பாப்பா."

பெரியம்மா வீட்டைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்கள். கடல் பேச்சு பேசுகிற ஆள் அந்தத் தெருவில் கிடையாது. அதற்காகத்தான் என்னை அங்கே விட்டாள். பெரியம்மா வீட்டு டிவி செய்தி நேரத்தில் மட்டும் கெட்டுப் போகும். பாட்டு நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். நல்ல டிவி வாங்கக் கூடாதா என்று பெரியப்பாவிடமே கேட்டேன். அடுத்த மாசம் வாங்கலாம் என்றார்.

அம்மா தினமும் சாயங்காலம் பெரியம்மாவின் போனில் கூப்பிடுவாள். முதல் நாள், "கப்பித்தான் மத்தியானம் போன் பண்ணுனாரு" என்றாள். என்ன சொன்னார் என்றேன். "நல்லா இருக்காங்களாம். சாப்புட்டாங்களாம்." இதுவா கப்பித்தான் கதை? அவர் மாதிரியே சொன்னால்தான் கேட்பேன் என்று அடம் பிடித்தேன். வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம், தெருவில் மீன் மீன் என்று கூவுகிற அதே தொண்டையிலிருந்து, மூக்கால் ஒரு குரல் வந்தது.

"பாப்பா, நான்தான் கப்பித்தான் பேசுறேன். இங்க எல்லாரும் நம்மள மாதிரி தமிழ்தான் பேசுறாங்க. ஆனா பேசுறதுன்னு சொல்றதில்ல. கதைக்கிறதுங்குறாங்க. காலையில புட்டும் சம்பலும் குடுத்தாங்க. நான் என் பங்க டிரைவருக்குக் குடுத்துட்டேன். டிரைவரு வயிறு நெறயத் தின்னாரு."

"பொய். கப்பித்தான் யாருக்கும் குடுக்க மாட்டாரு. திருடத்தான் செய்வாரு."

அம்மா யோசித்தாள். "சரி. பக்கத்து எலையிலேருந்து திருடி டிரைவருக்குக் குடுத்தேன்."

அதை நான் ஒப்புக்கொண்டேன். அந்த ஊர்ச் சாப்பாட்டையும் பேச்சையும், முன்பு அங்கே இருந்துவிட்டு வந்த ஆட்களின் வீடுகளுக்குப் போய் அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்று பிற்பாடு பெரியம்மா சொன்னாள். பகலெல்லாம் மற்ற பெண்களோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுக்க உட்கார்ந்துவிட்டு, வழியில் அந்த வீடுகளில் விசாரித்துவிட்டு, சாயங்காலம் எனக்குக் குரங்காகப் பேசுவாள்.

பேசினாளே தவிர, அம்மாவின் கப்பித்தானுக்குச் சேட்டை வரவில்லை. எங்கே போனாலும் அவர் முதலில் பார்ப்பது படுக்க இடம் இருக்கிறதா என்பதைத்தான். கொசு இல்லை, ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது, யாரும் அடிக்கவில்லை, இதையே திரும்பத் திரும்பச் சொல்வார். ஊர் சுற்றப் போன இடத்தில் யார் அடிக்கப் போகிறார்கள் என்று எனக்கு அலுப்பாக இருக்கும். அப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்று கப்பித்தானிடம் கேட்பேன். குளிக்கப் போயிருக்கிறார், தூங்குகிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று தினமும் ஒன்று வரும்.

ஒரு நாள், கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் நிறைந்த பெரிய கட்டடத்துக்குப் போய் வந்ததாகக் கப்பித்தான் சொன்னார். "அங்க ஒசரத்துல உக்காந்திருந்த பெரியவரு, இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் போவணும்னுட்டாரு." கொஞ்ச நாள் கழித்து மறுபடி அதே கட்டடம், அதே உபசாரம். மூன்றாவது முறையும் அந்தப் பெரியவர் அப்பாவை விடவில்லை என்றபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லீவு பாதி போய்விட்டது. கொடைக்கானலும் போய்விட்டது. விருந்து கொடுத்தால் வயிறு முட்டத் தின்றுவிட்டு அங்கேயே இருந்துவிடுவதா?

"அப்பாவ வர வேணாம்னு சொல்லிடு. அங்கேயே இருந்துக்கச் சொல்லு" என்று போனில் கத்தினேன்.

பெரியம்மா பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள். "புள்ள தெரியாம சொல்லிட்டா, நீ மனசுல வச்சுக்காத" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு சின்னக் கோபத்துக்கு இவ்வளவு ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நெத்திலி வறுத்து எடுத்துக்கொண்டு வந்தாள். வெயிலில் உட்கார்ந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. நேரில் வந்திருக்கிறாள், நேரிலேயே கப்பித்தானைப் பேசச் சொன்னேன். வாயைத் திறந்தாள், வரவில்லை. "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க. மொகத்தப் பாத்தா எனக்கு வர மாட்டேங்குது" என்றாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னாலிருந்து கப்பித்தான் பேசினார். டிரைவர் ராத்திரி நன்றாகத் தூங்குகிறார், பாப்பாவை நினைத்துக்கொள்கிறார், அப்புறம் பாப்பாவின் அம்மாவையும். அங்கே குரல் நின்றுவிட்டது. என்னாச்சு என்றேன். "கப்பித்தானுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றாள். கடலில் கிடந்தால் பிடிக்கத்தானே செய்யும் என்று நானும் நெத்திலியைத் தின்ன ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஆட்களை விட்டார்கள். படகை விடவில்லை. விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வேனில் ஊருக்கு வந்தார்கள். என்னையும் பெரியம்மா வீட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். தெருவே எங்கள் வாசலில் நின்றது. அப்பாவை எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமானது. சட்டை அவருடையதுதான். அதற்குள் ஆள் பாதிதான் இருந்தார். என்னைத் தூக்கப் போனவர், தூக்க முடியாமல் கட்டிக்கொண்டார். விமானத்தில் வந்தவர் எதற்கு அழுகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்து சாயங்காலம் ஆனது. அம்மா சமையல்கட்டு வாசலில் அரிவாள்மணை போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கிழங்கான் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தேன்.

"கப்பித்தான் எங்கப்பா?"

"படகுலயே தங்கிட்டாரு. அவருக்கு அந்த ஊரு புடிச்சுப் போச்சாம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. அங்க என்னல்லாம் சேட்ட பண்ணுனாரு?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். மூக்கால் பேச வாயைக் குவித்தார். "நாங்க போனமா... போயி..." என்றார். அதற்குமேல் வரவில்லை. மறுபடியும் "போயி..." என்றுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிவாள்மணைப் பக்கமிருந்து கப்பித்தானின் குரல் எழுந்தது. அம்மா திரும்பவில்லை. "போனமா, போயி எறங்குனதும் நல்லா பாத்துக்கிட்டாங்க எங்கள."

அப்பா நிமிர்ந்து அம்மாவின் முதுகைப் பார்த்தார். அந்தக் குரலை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிறார்.

"ஆமா" என்றார்.

"மூணு வேளையும் சாப்பாடு. டிரைவரு வேணாம் வேணாம்னாலும் விடல."

"விடல."

"யாரும் ஒரு வார்த்த அதட்டிப் பேசல."

"பேசல."

"கொசுவே கெடையாது."

அப்பா முழங்கையிலிருந்த தடிப்பைச் சொறிந்துகொண்டே, "கொசுவே இல்ல" என்றார்.

"ஃபேன் ஓடுச்சு." இதைச் சொல்லும்போது அது கப்பித்தான் குரலா அம்மா குரலா என்று தெரியவில்லை. கேள்வி கேட்கிற மாதிரியும் இருந்தது.

"ஓடுச்சு" என்றார் அப்பா. பிறகு, "ரெண்டு ஃபேனு" என்றார்.

மீன் நறுக்குகிற சத்தம் நின்றது. அம்மா குனிந்த தலை நிமிராமல் அப்படியே இருந்தாள். அப்பா எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில், அந்த மீன் தண்ணீர் ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. போய்வந்தவர் அப்பா, போகாத அம்மா கதை சொல்கிறாள், இவர் அதைக் கேட்டுத் தலையாட்டுகிறார். அதுகூடப் போகட்டும். கொசு இல்லாமல், ரெண்டு ஃபேன் ஓடுகிற அவ்வளவு நல்ல ஊருக்கு என்னை ஏன் கூட்டிப் போகவில்லை என்று, அன்று சாப்பிட்டு முடிக்கிறவரை நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.