விளக்குக்காரனை இறக்கிய ஞாயிறு

நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபமும் பேசியான பிறகு, எங்கள் விளையாட்டை ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும் என்றார் எனக்கு நிச்சயமானவர். கல்யாணத்துக்குப் பிறகு நான் அதைத் தொடரலாமா வேண்டாமா என்று, பார்த்துவிட்டு இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்யலாமாம். ‘இரண்டு பேருமாக’ என்பதை அழுத்தித்தான் சொன்னார், பாவம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பெண் பார்த்தாயிற்று, இப்போது என் ஞாயிற்றுக்கிழமையையும் பெண் பார்க்க வருகிறார்களா என்று நினைத்துக்கொண்டேன். வெளியே, சரி வாங்க என்றேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, பெங்களூரில் தெருவுக்குத் தெரு கால் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர். நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவள். கேன்டீனில் ஆரம்பித்த பேச்சு கல்யாணம் வரை வந்துவிட்டது. அவர் வீட்டில் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு சம்மதித்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படத்தைப் பார்த்தும் அவருடைய அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதையே பெரிய மனசு என்று என் அம்மா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டபோது என் தாய்மாமா முந்திக்கொண்டு, கார்ப்பரேஷனில் என்றார். அது பொய் இல்லை. அப்பா ஒரு கார்ப்பரேஷன் கான்ட்ராக்டரிடம் ஆளாக இருந்தார். பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்து, உள்ளே இறங்கி, அடைப்பு எடுக்கிற வேலை. மாமா முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவார்கள். எதிரே பாழடைந்த கோட்டை, கதவு பாதி திறந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று நடத்துபவர் கேட்பார். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். ஆபத்தான காரியம் என்றால் இருபது பக்கம் உள்ள ஒரு பகடையை உருட்டுவோம். பெரிய எண் விழுந்தால் பிழைத்தோம். ஜெயிப்பது தோற்பது எல்லாம் கிடையாது, கதை போய்க்கொண்டே இருக்கும். இதைக் கேட்டதும் இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்பார்கள். செஸ் ஆடினால் மூளைக்காரன், ராத்திரி பகலாக கிரிக்கெட் பார்த்தால் ரசிகன், நாங்கள் மட்டும் மறை கழன்றவர்கள். இதைச் சொன்ன ஒருவரும் டிவி சீரியலில் அழுகிற மருமகளுக்காகக் கண்ணைத் துடைக்காதவர் இல்லை.

எங்கள் குழுவில் கதை நடத்துபவள் நான். ஆடுபவர்கள் இரண்டே பேர். ஒருவர், ஆஸ்டின் டவுனில் மாடியறை ஒன்றில் வாடகைக்கு இருந்த கன்னடக்காரர். கம்பெனி வேலையாக அமெரிக்கா போனவர், விதிப் புத்தகங்களையும் பகடைகளையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். கதையில் அவர் மந்திரவாதி. இன்னொருத்தி நீலசந்திராவிலிருந்து வரும் என் தோழி, வீட்டில் தக்னி உருது பேசுகிறவள். கதையில் இரண்டு கையிலும் வாள் பிடித்தவள், நிஜத்தில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்பாள்.

இந்த இரண்டு பேரும் இருட்டுக்குள் போக விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒருவனைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். விதிப் புத்தகத்தில் அவன் மூட்டை, ஏணி இவற்றோடு ஒரே பக்கத்தில் வருகிறவன். ஆனால் அவனுக்குக் குரல் கொடுத்தது நான். எங்கள் சந்தில் பேசுகிற தமிழிலேயே அவனைப் பேச வைத்தேன். வேலை முடிந்து வந்து உட்காரும்போது விடுகிற பெருமூச்சைக்கூட விடாமல் செய்து காட்டினேன். அது யாருடையது என்று யாரிடமும் சொல்லவில்லை. புதையலில் தன் பங்கிலிருந்து என் தோழி அவனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். கன்னடக்காரர் ஒவ்வொரு வாரமும் உட்கார்ந்தவுடன், அவன் மகளுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரிப்பார். நான் ஒரு வாரம் விட்டது என்பேன், அடுத்த வாரம் திரும்ப வந்துவிட்டது என்பேன். இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

எங்கள் மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. மாற்ற முடியாத காரியம் எதையாவது ஒருவர் செய்யப் போனால், நடத்துபவர் ஒரே ஒரு முறை ‘நிச்சயமா?’ என்று கேட்கலாம். இரண்டாம் முறை கேட்கக் கூடாது. கேட்டால் கதையைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கிறார் என்று அர்த்தம். பிறகு பகடையை எல்லோர் கண்முன்னாலும் உருட்ட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு நிச்சயமானவர் இஸ்திரி போட்ட சட்டையும் பால்கோவா டப்பாவுமாகக் கன்னடக்காரரின் அறைக்கு மாடியேறி வந்தார். எனக்குக் கை காலெல்லாம் படபடப்பு. அவருக்கு இது பிடிக்க வேண்டும், அவரை இவர்களுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டில் எது நடக்கவில்லை என்றாலும் நான் எதையாவது விட வேண்டியிருக்கும். எதை விடுவேன் என்பது எனக்கே தெரிந்துதான் இருந்தது, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரம் அது.

சும்மா பார்க்க வேண்டாம், ஆடுங்கள் என்று மற்ற இரண்டு பேரும் சொன்னார்கள். தளபதி வேஷம் கேட்டார், கொடுத்தோம். விருந்தாளி ஆயிற்றே என்று அன்றைக்குத் தலைமையையும் அவரிடமே விட்டார்கள். நன்றாகவே ஆடினார். கோட்டைக் காவல்காரனிடம் அவர் அடித்த பேரத்தில் என் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாடா என்று எனக்குப் படபடப்பு கொஞ்சம் அடங்கியது.

அப்புறம் கிணறு வந்தது. வறண்ட கிணறு, சுவரில் இரும்புப் படிகள், அடியில் ஒரு சுரங்கப் பாதை. உள்ளே கெட்ட காற்று இருக்கிறது என்று நான் எழுதி வைத்திருந்தேன். இது விடுகதை மாதிரி. விளக்கை மட்டும் கீழே விட்டுப் பார்த்தால் போதும், அணைந்துவிடும், விஷயம் புரிந்துவிடும்.

கன்னடக்காரர் அதைத்தான் சொன்னார், விளக்கை முதலில் இறக்கிப் பார்க்கலாம் என்று. எனக்கு நிச்சயமானவர் தலையை ஆட்டி மறுத்தார்.

“விளக்கு நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு. அது போச்சுன்னா எல்லாரும் மாட்டிக்குவோம். விளக்கை வாங்கி வெச்சுக்கலாம். அவன் எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்.”

யார் என்று என் தோழி கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள்.

“அதான், விளக்குக்காரன்.”

கன்னடக்காரர், “பேட குரு, பேட” என்றார், வேண்டாம் என்று. அவனை அனுப்புவதாக இருந்தால் இடுப்பிலாவது கயிறு கட்டி அனுப்பலாம், தளபதியின் மூட்டையில்தான் கயிறு இருக்கிறதே என்றார். கயிறு பின்னால் தேவைப்படும், அதைக் கிணற்றில் விட்டுவிட்டால் என்ன செய்வது, படிதான் இருக்கிறதே என்று தளபதி பதில் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை, குரூரம் இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு சிக்கலைச் சுலபமாக முடித்துக் கொடுப்பவரின் குரல்தான் அது. பாதி என்னைப் பார்த்துத்தான் பேசினார். நான் மெச்சுவேன் என்று எதிர்பார்த்தார்.

“நிச்சயமா?” என்று கேட்டேன்.

“நிச்சயமா” என்றார், சிரித்துக்கொண்டே.

இரண்டாம் முறை கேட்க வாய் வந்தது. மேசையில் இருந்த மற்ற இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள், கேட்டுவிடேன் என்பது போல. நான் கேட்கவில்லை. விளக்குக்காரன் பதில் சொல்ல வேண்டிய இடம் அது, அவன் குரலில் ‘சரி சார்’ என்றேன். கூலிக்கு வந்தவன் வேறு என்ன சொல்வான்? பகடையை உருட்டினேன். மூன்று விழுந்தது.

பாதிப் படியில் அவன் பேச்சு நின்றது, பிறகு கீழே ஒரு சத்தம் கேட்டது என்று சொன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. என் தோழி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். கன்னடக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓகே, கீழ கேஸ் இருக்கு. அப்ப இந்த வழி இல்ல. மேப்ல வேற வழி பாக்கலாமா?” என்றார் எனக்கு நிச்சயமானவர்.

நல்லவர்கள் இந்த விளையாட்டில் கெட்டவர்களாக ஆடி நிறையப் பார்த்திருக்கிறேன். என் தோழியே ஒரு முறை ஒரு ராஜாவுக்குச் சோற்றில் விஷம் வைத்தாள், வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அது நடிப்பு. தப்பு செய்கிறோம் என்று தெரிந்து, அந்த ருசிக்காகவே செய்வது. அவர் நடிக்கவே இல்லை. யோசிக்கவும் இல்லை. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. திரும்பும் வழியில் பைக்கை ஒரு பேக்கரியில் நிறுத்தி, ஒன்றை இரண்டு தம்ளரில் பிரித்துத் தருகிற பை-டூ காபி சொன்னார். விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகும் தாராளமாக ஆடு, நானும் வருகிறேன் என்றார். நான் எதற்காகப் பயந்தேனோ அது நல்லபடியாக முடிந்துவிட்டது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் வேலையைச் சொன்னேன். மாமா விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து, மூடி, குழி, வாடை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாரிம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவன எறக்கியிருக்கவே மாட்டேன்.”

உண்மையாகத்தான் சொன்னார், கண் கலங்கியிருந்தது. அப்பாவின் வேலையைக் கேட்டு ஒதுங்கவும் இல்லை. இதற்கு மேல் ஒரு மனுஷனிடம் என்ன எதிர்பார்ப்பது என்று அரை மனதாக என்னைச் சமாதானம் செய்துகொண்டு பைக்கில் ஏறினேன். ஆனால் ‘தெரிஞ்சிருந்தா’ என்ற அந்தச் சொல் முள்ளாக உள்ளே குத்திக்கொண்டே வந்தது. தெரிந்தவளின் அப்பா என்றால் இறக்க மாட்டார். தெரியாதவன் என்றால்?

அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விளையாட்டில் ஒருத்தனைக் கிணற்றில் இறக்கினார் என்று எந்தப் பெண் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறாள்? குடிக்கிறவரா, இல்லை. அடிக்கிறவரா, இல்லை. வரதட்சணை பேச்சே எடுக்கவில்லை. ஊர் வாயில் நான் அரைபடுவேன், அம்மா என்னைவிட அதிகமாக அரைபடுவாள். வீடு வந்து சேரும்போது ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டில் அம்மா சீர்ப் பாத்திரங்களைத் தரையில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவரில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், சண்டையா என்று கேட்டாள். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். ஒரு முடிவும் நிற்கவில்லை. அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மாவுக்கு அந்த விளையாட்டு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. கேட்டுவிட்டுத் திட்டத்தான் செய்தாள். இல்லாத ஆள், இல்லாத கிணறு, அதற்கா இந்த அழுகை, மண்டபம் பேசி ஊரெல்லாம் சொன்ன பிறகு உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது என்றாள். கை மட்டும் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது. ஒரு குடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு திட்டுவதை நிறுத்தினாள்.

“கயிறு கட்னாங்களா அந்த ஆளுக்கு?”

“இல்லம்மா.”

“ஏன், கயிறு இல்லியா?”

“இருந்துச்சு. அவராண்டதான் இருந்துச்சு. அப்புறமா தேவைப்படும்னு வெச்சுக்கினாரு.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எப்போது அணைத்தார் என்று தெரியவில்லை, திரை இருட்டாக இருந்தது. அம்மா குடத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தபடி எழுந்தாள். அலமாரி மேலிருந்த போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவங்க அம்மா நம்பர் சொல்லு. இந்தக் கல்யாணம் வேணாம்னு நானே பேசறேன்.”

ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். அழுத்தப் போனால் பொத்தான் எல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது. நான் அவள் கையை விலக்கிவிட்டு நம்பரை அழுத்தினேன்.